மாலைப் பெரட்டு

செல்லசாமி கங்காணி வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் வீட்டில் தினமும் மாலையில் பெரட்டு நடந்தது.

தேயிலைத் தோட்டத்துப் பெரட்டு காலையில் நடப்பது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். பிந்தி வந்தால் திருப்பி அனுப்புவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பாதி நாள் சம்பளம். செல்லசாமி தன் வயதில் பாதியை அதில் கழித்தவர். குடியை விட்டுவிட்டு, ஹட்டனில் ஒரு சபையில் ஞானஸ்நானம் எடுத்தபோது, தனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

ஜெபம் முடிந்ததும் பேர் கூப்பிடுவார்.

"இன்னைக்கு ஆண்டவர் வந்தா?"

"ஆயத்தம்" என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பாவம் செய்தவர் அப்படிச் சொல்லக்கூடாது. எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். கதவு சாத்தப்படும். உள்ளே மற்றவர்கள் பாடுவார்கள். வெளியே நிற்பவர் அதைக் கேட்க வேண்டும்.

"அவரு வந்து நம்மள எடுத்துக்கிட்டப்புறம், விடப்பட்டவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்பார்.

அவருடைய மகள் சுலக்ஷனா அந்த வாசலில் நின்று நின்று வளர்ந்தவள். அம்மாவும் சில மாலைகளில் அங்கே நின்றிருக்கிறாள். செல்லசாமியின் பேரை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை.

இப்போது அம்மா இல்லை. சுலக்ஷனாவின் கணவன் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். அவள் கொட்டகலையில் முனாப் நானாவின் துணிக்கடையில் நிற்கிறாள். மகள் ஷாமிலாவுக்கு எட்டு வயது. சுலக்ஷனா கடையில் இருக்கும்போது அவளைத் தாத்தா பார்த்துக்கொள்வார். மாலையில் அவள் பேரையும் கூப்பிடுவார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு வீரம்மா கோயிலில் இருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். கோயில் படையலைத் தொடுவது தாத்தாவின் கணக்கில் பாவம். ஷாமிலா அதைச் சாப்பிட்டிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. மாலையில் தாத்தா அவள் பேரைக் கூப்பிட்டார். அவள் பதில் சொல்லவில்லை. தானாகவே எழுந்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. செல்லசாமி கதவைச் சாத்தினார். பாட்டைத் தொடங்கினார். சுலக்ஷனா வாயைத் திறந்தாள். தடுத்துச் சொல்ல அது திறக்கவில்லை. பாடினாள்.

படுக்கும்போது ஷாமிலா கேட்டாள்.

"அம்மா, நெசமாவே ஆண்டவர் வர்றப்பவும் நான் வெளியதானே நிப்பேன்?"

"தூங்கு."

"அப்பவும் நீங்க உள்ள பாடிக்கிட்டுத்தான் இருப்பீங்களா?"

சுலக்ஷனா போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டாள்.

*

மறுநாள் மழை வலுத்தது. மின்சாரம் இல்லை. கைப்பேசி செத்துக் கிடந்தது. மத்தியானத்துக்குப் பிறகு கடைக்கு ஒருவரும் வரவில்லை.

"தங்கச்சி, நீங்க போங்க" என்றார் முனாப் நானா. "பஸ் நின்னுட்டா பொறகு இங்கதான் படுக்கணும். பொம்மைக்குச் சாரி கட்டுற எடத்துல உங்களையும் நிப்பாட்டிருவேன்."

பஸ் பாதி வழியில் நின்றது. பாதையில் மண் விழுந்திருந்தது. அவள் இறங்கித் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினாள். மூடுபனி. நான்கு செடிகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் அமைதியாக இருந்தது. அவளுக்கு அது புதிதாகப் படவில்லை. அந்த நேரத்தில் ஆட்கள் மலையில் இருப்பார்கள். அவர்களுடைய வீடு லயத்தின் முதல் காம்பரா. கதவு திறந்திருந்தது.

வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. பக்கத்தில் ஷாமிலாவின் செருப்பு.

"ஷாமிலா."

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சோற்றுப்பானை மூடி அசைந்துகொண்டிருந்தது. பாயின் மேல் வேதப் புத்தகம் விரிந்திருந்தது. அதன் மேல் அப்பாவின் கண்ணாடி. அப்பா கண்ணாடி இல்லாமல் கொல்லைக்குக்கூடப் போக மாட்டார்.

"அப்பா."

தகரத்தில் மழை மட்டும்.

ஆண்டவர் வரும் நாள் இப்படித்தான் இருக்கும் என்று சிறுவயதிலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடுப்பு எரிந்தபடி இருக்கும். செருப்பு கிடந்தபடி இருக்கும். ஆட்கள் இருக்க மாட்டார்கள். எத்தனையோ முறை அவள் இதைக் கனவில் பார்த்திருக்கிறாள். கனவில் அலறி எழுவாள். இப்போது அலறல் வரவில்லை. அப்படியே சுவரோடு உட்கார்ந்தாள்.

முதலில் தோன்றியது அவளைப் பற்றியதல்ல. ஷாமிலாவை எடுத்துக்கொண்டார் என்பதுதான். பொங்கல் சாப்பிட்ட பிள்ளையை. பிள்ளை வெளியே நிற்கவில்லை. அது போதும் என்று இருந்தது.

பிறகு அழுகை வந்தது. நேற்று கதவைத் திறந்திருக்கலாம். பாடாமலாவது இருந்திருக்கலாம். அழுதுகொண்டே இருந்தாள்.

சோறு அடிப்பிடிக்கும் வாசம் வந்தது.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பால் பானையைப் பிடித்து இறக்கினாள். சோற்றை இறக்கும்போது சொல்வது அவள் வழக்கம். இப்போதும் சொன்னாள்.

"ஸ்தோத்திரம், ஆண்டவரே."

சொன்ன பிறகு நின்றாள்.

யாரிடம் சொன்னாள்? அவர் வந்து போய்விட்டார். இங்கே விட்டுப்போனவை செருப்பும் பானையும் அவளும்தான். கேட்க ஆள் இல்லை. ஆனால் சொன்ன சொல் வெறும் வீட்டில் விழுந்த சொல்லாக இல்லை.

இருட்டறைக்குள் நுழையும்போது அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால் பார்க்காமலே தெரியும். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. எதுவும் மாறவில்லை. அடுப்பு புகைந்தது. மழை பெய்தது.

"நீங்க போகலையா?" என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. அவளுக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. விட்டுப்போன இடத்தில் அவளோடு இருக்கிறவர் எப்படி அவளை விட்டுப்போனவராவார்? அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஓட்டை இருக்கவில்லை.

அந்த வாசலும் நினைவுக்கு வந்தது. சாத்திய கதவு, உள்ளே பாட்டு, வெளியே அவள். அத்தனை மாலைகளிலும் ஆண்டவர் உள்ளே இருந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

முகத்தைத் துடைத்தாள். சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் அவள் தனியாகச் சிரித்ததில்லை. அதனால் அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

வெளியே வந்தாள். வீரம்மாவின் துணிகள் கொடியில் நனைந்துகொண்டிருந்தன. அவற்றை அள்ளிக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனாள். அந்தக் கதவும் திறந்திருந்தது. முருகன் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது. வீரம்மாவின் செருப்பும் வாசலில் கிடந்தது.

வீரம்மா அக்காவையுமா?

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எதையும் யோசிக்குமுன் அந்தச் சந்தோஷம்தான் வந்தது.

"யாரது அங்க?" பாதையில் இருந்து ஒரு குரல். மழைச் சட்டையோடு வினோஜன், தோட்டத்து இளைஞர் சங்கத்துப் பையன், மூச்சு வாங்க நின்றான். "அக்கா! பைத்தியமா உங்களுக்கு? மேல மலை வெடிச்சு மண்ணு சரியுது. எல்லாரையும் ஸ்கூலுக்குக் கொண்டுபோயிட்டோம். இங்க நின்னு துணி எடுக்குறீங்க!"

அவள் அவனைப் பார்த்தாள்.

"எல்லாருமா?"

"எல்லாரும். ஆடு மாடுகூட. வாங்க சீக்கிரம்."

அவள் விளக்கை ஊதி அணைத்தாள். தன் வீட்டுக்குள் ஓடி அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். கண்ணாடியையும் புத்தகத்தையும் செருப்புகளையும் எடுத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் தப்பான கணக்கில் வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. கலைந்துவிடும் என்று பாதை நெடுகக் காத்திருந்தாள். கலையவில்லை.

*

பாடசாலையில் வகுப்புக்கு மூன்று நான்கு குடும்பங்கள் இருந்தன. ஷாமிலா ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஒங்கப்பாவோட பட்ட பாடு இருக்கே" என்றாள் வீரம்மா. "மண்ணு வருது எந்திரிங்கய்யான்னா, ஜெபம் முடியட்டும்ங்கிறாரு. நம்ம பொடியன்க ரெண்டு பேரு அப்படியே தூக்கிட்டு வந்தானுங்க. நான் புள்ளையத் தூக்குனேன். செருப்பு மாட்ட நேரம் ஏது?"

"நான் எல்லாரும் போயிட்டீங்கன்னு நெனச்சேன்க்கா."

"எங்க போறது? பாஸ்போட்டா வச்சிருக்கோம்?"

"ஆண்டவர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு. உங்களையும் சேத்துத்தான்."

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னையுமா? ஒங்கப்பா விடுவாரா? மோட்சத்துக் கேட்டுல நின்னு திருப்பி அனுப்பிருவாரே."

செல்லசாமி ஒரு மூலையில், சிறுபிள்ளைகள் உட்காரும் நாற்காலியில், வெறும் காலோடு உட்கார்ந்திருந்தார். சுலக்ஷனா செருப்பை அவர் காலடியில் வைத்தாள். கண்ணாடியைக் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போனியா?"

"போனேன்ப்பா."

"செருப்பு வாசல்ல கெடந்துச்சா?"

"ஆமா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. அவருக்கு விளங்கியது.

"பயந்துட்டியா புள்ள?"

"பயந்தேன். பொறகு பயமில்ல."

"மனந்திரும்பி ஜெபிச்சியா?"

"சோத்துப் பானைய எறக்கி வச்சேன்."

அவர் காத்திருந்தார்.

"அவரு அங்கதான்ப்பா இருந்தாரு. நம்ம வீட்டுல. என்னைய விட்டுட்டுப் போயிட்டாருன்னு நான் அழுதப்ப."

"விடப்பட்டவங்களோட அவரு எப்படி இருப்பாரு?"

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

செல்லசாமி கண்ணாடியை வேட்டி ஓரத்தில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"எனக்கு அப்படி ஒரு நாளும் தோணினதில்ல" என்றார் மெதுவாக. "எப்பவும் நான் பிந்தி வந்துட்டேன்னுதான் இருக்கும். பேர் வாசிச்சு முடிஞ்சு போச்சுன்னு."

கோயில்காரர்கள் சாப்பாட்டுப் பானைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். இடம் கலகலத்தது. பேச்சு அத்தோடு நின்றது.

சோறும் பருப்பும். கோயில் அடுப்பில் சமைத்தது. செல்லசாமி வேண்டாம் என்று கை காட்டினார். ஷாமிலா தாத்தாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு சாப்பிட்டாள்.

இருட்ட ஆரம்பித்தது. செல்லசாமி மூலையில் மெழுகுவர்த்தி ஏற்றினார். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஜெபம் முடிந்தது. அவர் கொஞ்சம் தயங்கினார். ஆனால் அந்த நேரத்துக்கு வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

"சுலக்ஷனா. இன்னைக்கு ஆண்டவர் வந்தா?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் அவள் நாக்கு உலரும். அன்று உலரவில்லை.

"வரட்டும்ப்பா" என்றாள்.

அந்தப் பதிலை எதில் சேர்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

"ஷாமிலா. இன்னைக்கு ஆண்டவர் வந்தா?"

ஷாமிலா தன் கையைப் பார்த்தாள். விரலில் பருப்பு வாசம் இருந்திருக்க வேண்டும். எழுந்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்பு வாசலைத் தாண்டி விறாந்தைக்குப் போனாள்.

செல்லசாமி பாட்டைத் தொடங்கினார். முதல் வரியில் அவர் குரல் மட்டும் கேட்டது.

சுலக்ஷனா எழுந்திருந்தாள்.

"மழையில எங்கடி போற?" என்றாள் வீரம்மா.

"இங்கதான்க்கா."

வெளியே ஷாமிலா தூணோடு நின்றாள். சாரல் அடித்தது. சுலக்ஷனா அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்னம்மா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

"பொறகு ஏன் வந்தீங்க?"

"நீ இங்க நிக்கிறியே."

ஷாமிலா யோசித்தாள்.

"ஆண்டவர் வர்றப்பவுமா?"

"அவரும் இங்கதான் இருப்பாரு. பயப்படாத."

உள்ளே பாட்டு இரண்டாவது வரியில் தடுமாறியது. சுலக்ஷனா அந்த வரியை வெளியே இருந்து எடுத்துப் பாடினாள். ஷாமிலாவும் சேர்ந்துகொண்டாள். சிறுவயதிலிருந்து தெரிந்த பாட்டு. அது சந்தோஷமான பாட்டு என்பதைச் சுலக்ஷனா அப்போதுதான் கவனித்தாள்.

உள்ளே குரல் நின்றுவிட்டது.

வாசல் வழியாக அவர் தெரிந்தார். மெழுகுவர்த்திக்கு முன் சின்ன நாற்காலியில் தனியாக இருந்தார். கூப்பிட அவருக்கு இனிப் பேர் இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாமிலா பாட்டை நிறுத்தினாள். தாத்தாவின் பெரட்டுக் குரலில், தாத்தாவைப் போலவே இழுத்து, கூப்பிட்டாள்.

"செல்லசாமி!"

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். வீரம்மா "அடி கழுத" என்றாள். சுலக்ஷனா பிள்ளையின் வாயைப் பொத்தவில்லை.

செல்லசாமி எழுந்தார். வாசலை விட்டுக் கண்ணெடுக்காமல், கால்களால் தடவித் தடவிச் செருப்பைத் தேடினார்.