பத்தேகால் மணி விளக்கு

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எதிர் பிளாக் ஜன்னல் என் சமையலறைக்கு நேராக இருந்தால் நான் என்ன செய்ய? கண்ணை மூடிக்கொண்டா காய் நறுக்குவது?

அந்த வீட்டுப் பெண் நர்ஸ். தொற்று வார்டில் இரவுப் பணி. வீட்டுக்காரரையும் குழந்தையையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தாள். காலை எட்டரைக்கு வருவாள், குளிப்பாள், திரையை இழுத்துவிட்டுப் படுப்பாள். பத்தேகாலுக்குத் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும், அணையும், எரியும், அணையும். ஒன்றரைக்கு மறுபடி. நாலு மணிக்கு மறுபடி. ஒன்பது நாளாக இதே கூத்து. பட்டப்பகலில் யாருக்கு சிக்னல்? எங்கள் பிளாக் ஆண்களை மாடி மாடியாக எண்ணிப் பார்த்தேன். சிக்னல் வாங்கும் லட்சணத்தில் ஒருவரும் தேறவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம், குப்பை கொட்டும் சாக்கில் வாசலில் அவளை மடக்கினேன்.

"பகல்ல லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறியே, தூங்க மாட்டியாம்மா?"

"நானா? நான் செத்த மாதிரி தூங்கறேனேக்கா."

"பத்தேகால், ஒன்றரை, நாலு. நான் பொய் சொல்வேனா?"

முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் அப்படியே நின்றுவிட்டது. "அது... தண்ணி டேங்க் அலாரம் அடிக்கிற நேரம்."

ஊரே வீட்டுக்குள் அடைந்து கை கழுவிக்கொண்டே இருந்த காலம். தொட்டி தினம் மூன்று முறை காலியாகி நிரம்பும். நிரம்பினால் அலாரம் பீப் பீப் என்று கத்தும். எங்கள் காதுக்கு அது பழகிப்போய் விழுவதே இல்லை.

"மருந்து ஏத்துற மெஷினும் இப்படித்தான் கத்தும். ஓடிப்போய் பட்டனை அமுக்கணும். தூக்கத்துலயே எழுந்து சுவத்துல சுவிட்சை அமுக்கறேன் போல." அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்து ஒரு நோயாளி பேரை மூணு தடவை படிச்சேன். மண்டையில ஏறலை. யாருக்காவது மருந்தை மாத்திக் குடுத்துடுவேனோன்னு பயம். பைத்தியம் பிடிக்குதுன்னே நெனச்சேன். ராஜினாமா எழுதி பையில வச்சிருக்கேன்க்கா."

"அதைக் குடுக்காதே. நாலு நாள் பொறு."

நேராகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அலாரத்தைக் கழட்டிட்டா தொட்டி வழியறதை யார் பார்ப்பா?" என்றார்.

"நான் பார்க்கறேன்."

"அதுவும் சரிதான். எல்லார் வீட்டையும் பார்க்கறீங்க. தொட்டி ஒண்ணுதான் பாக்கி."

கொழுப்பைப் பாருங்கள். ஆனால் கழற்றினார்.

அதற்குப் பிறகு மொட்டைமாடி எனக்குப் பட்டா போட்ட இடம். தொட்டி நிரம்பியதும் செயலாளருக்குப் போன் செய்வேன், அவர் மோட்டாரை நிறுத்துவார். முதல் நாள் விளக்கு ஒரு தடவை எரிந்தது, பழக்கதோஷம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் எரிந்தது. நான்காம் நாள் திரை இருட்டாகவே கிடந்தது. மாடியில் நின்றாலும் சமையலறையில் நின்றாலும் ஐந்து மணி வரை எதிர் ஜன்னலைவிட்டு என் கண் நகரவில்லை. அடுப்பில் பால் தீய்ந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"எரிஞ்சுதாக்கா?"

"இல்லவே இல்லை."

சிரித்தாள். ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறாராம், வாரம் ஒருமுறை போனில் பேசப் போகிறாளாம். "மெஷின் கத்துற கனவு இன்னும் வருது. ஆனா எழுந்துக்கலை." பிறகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "தொட்டி நேரத்தை எழுதி வச்சுக்கோங்க. பின்பக்கம் காலியாத்தான் இருக்கு."

முன்பக்கத்தைப் படித்தேனா என்று என்னைக் கேட்காதீர்கள். கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணல்.