கறுப்புப் பக்கம் மேலே

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு ரிப்பேர் கடையில் கிடைத்தது. லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு மேசை ஓரத்தில் கையூன்றி நின்றேன். ரிப்பேர்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அந்த மூலையில மட்டும் கை வைக்காதீங்க" என்றார். மேசை முழுக்கப் பச்சை ரப்பர் மேட். அந்த மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு துண்டு. "ஏன்?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா சொன்னேன்."

சும்மா சொன்னேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. வேறு யாராவது என்றால் ரசீதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். என் பிழைப்பு அப்படி.

2

முதல் தொடக்கம்: "கட்டரைக் கையில் எடுத்தபோதே அண்ணிக்குத் தெரிந்திருந்தது, இந்த மேட்

வேண்டாம். எடுத்த எடுப்பில் ஒருத்தியைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அந்த வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மேட் வெட்டுகிறவள். இன்னொருத்தி அந்த மேட்டின் மேல் கை வைத்து வேலை செய்கிறவள்." இது பரவாயில்லை, இருக்கட்டும்.

வெட்டுகிறவள் அண்ணி. எலக்ட்ரானிக் கம்பெனிகளுக்கு அந்தந்த பெஞ்சின் அளவுக்கு ஆன்டி-ஸ்டாட்டிக் மேட் வெட்டிக் கொடுக்கிறாள். கை வைக்கிறவள் அவள் நாத்தனார், புருஷனின் தங்கை. கரண்ட் ஓடும் போர்டுகளைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. அவளுக்குக் கிடைத்தது மூலை பெஞ்ச். ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. அதன் வடிவத்தைப் பழுப்புத் தாளில் வெட்டிக்கொண்டு வந்தவளும் அவள்தான், தாளின் மேற்புறத்தில் 'மேல்' என்று கொட்டை எழுத்தில் எழுதியவளும் அவள்தான். அண்ணி வெட்டிய மேட்டைச் சுருட்டி எடுத்துப்போய் பெஞ்சில் விரித்தவளும் அவளேதான்.

(விரித்த மேட்டுக்கு எர்த் வயர் மாட்ட ஓர் எலக்ட்ரீஷியன் வந்திருப்பானே என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தான். அவனைக் கதைக்குள் விடப்போவதில்லை. விட்டால் எல்லாப் பழியையும் அவன் தலையில் போட்டுவிட்டு இந்த இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.)

3

மேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு பக்கம். மேலே பச்சை, அடியில் கறுப்பு. நம் உடம்பிலும் உடையிலும் சேரும் மின்சாரத்தைப் பச்சைப் பக்கம் கையைப் பிடித்து மெல்ல மெல்ல மண்ணுக்குக் கூட்டிப்போகும். கறுப்புப் பக்கத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, கதவை அகலத் திறந்துவிடும். ஒரு கையைக் கறுப்பின் மேல் ஊன்றிக்கொண்டு இன்னொரு கை கரண்ட் உள்ள இடத்தில் பட்டால், நடுவில் இருப்பது நெஞ்சு.

அண்ணி எப்போதும் கறுப்புப் பக்கத்திலிருந்துதான் வெட்டுவாள். சாக்பீஸ் கோடு அதில்தான் பளிச்சென்று தெரியும். அதனால் ரப்பரைக் கவிழ்த்துப் போடுவாள், அளவுத் தாளையும் கவிழ்த்துப் போடுவாள். இரண்டையும் கவிழ்க்க வேண்டும், அதுதான் கணக்கு. நாத்தனாரின் மேட்டை வெட்டிய அன்றைக்கு ரப்பரைக் கவிழ்த்தாள். தாளைக் கவிழ்க்கவில்லை.

சதுர மேட்டாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மூலை பெஞ்சுக்கு அப்படி வெட்டிய மேட்டைப் பச்சை மேலே வருமாறு விரித்தால் நீளப் பக்கம் தப்பான திசையில் போய் அந்தரத்தில் தொங்கும். கச்சிதமாகப் பொருந்த வேண்டுமென்றால் ஒரே வழி, கறுப்பு மேலே வர வேண்டும்.

4

நாத்தனார் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, இன்னைக்கு விரல்ல சுருக்குன்னுச்சு."

"எப்போ?"

"போர்டைத் தொட்டப்ப. இந்தக் கையை மேட் மேல வச்சிருந்தேன். பெருசா ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு நடைக்குப் போனாள். அங்கேதான் வெட்டும் மேசை. அளவுத் தாள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேட்டை வெட்டியெடுத்த மிச்ச ரப்பர், சுவரோரம் சுருட்டி வைத்தபடி இருந்தது. அதை விரித்து, கறுப்பு மேலே தெரிய, நடுவில் இருந்த ஓட்டையில் தாளை வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. 'மேல்' என்ற எழுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாளை மறுபடி ஆணியில் மாட்டினாள். மிச்ச ரப்பரை மட்டும் அது இருந்த இடத்தில் வைக்காமல் பரண் மேல் தள்ளினாள்.

(இதை நான் செய்யச் சொல்லவில்லை. அவளாகவே தள்ளினாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் மேல் எனக்கு ஒரு சந்தேகக் கண்.)

திரும்பி வந்து, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"உன் மேட் என்ன கலர்ல இருக்கு?"

நாத்தனார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். முழுதும் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"பச்சைதான் அண்ணி. வேற என்ன கலர்ல இருக்கும்?"

பச்சையாக இருக்கவே முடியாது. அது அண்ணிக்குத் தெரியும். நாத்தனாருக்கும் தெரியும்.

5

பொய் சொல்ல நாத்தனாருக்கு என்ன அவசியம்? அண்ணியை மாட்டிவிடக் கூடாது என்றா? கம்பெனிக்குத் தெரிந்தால் அண்ணிக்கு அங்கிருந்து இனி ஒரு துண்டு வேலை வராது. இல்லை, அண்ணி தானாக வாயைத் திறக்கிறாளா பார்ப்போம் என்றா? அப்படியானால் கலரைக் கேட்டதன் மூலம் அண்ணி வசமாக மாட்டிக்கொண்டாள். ஒன்றும் தெரியாதவள் கலரை எதற்குக் கேட்பாள்?

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கதையின் முந்தைய வடிவத்தில் இருவருக்கும் இடையில் எந்த மனஸ்தாபமும் இல்லை. படித்துப் பார்த்த நண்பன், "உப்புச் சப்பில்லாம இருக்கு" என்றான். ரோஷம் வந்து ஒரு முன்னறையைச் சேர்த்தேன். நல்ல வெளிச்சமுள்ள அறை. முன்பு அண்ணியின் வெட்டும் மேசை அங்கேதான் இருந்தது. புருஷனோடு ஒத்துவராமல் நாத்தனார் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதும் அந்த அறை அவளுக்குப் போயிற்று, மேசை இருட்டு நடைக்கு வந்தது. "எத்தனை நாளைக்கு?" என்று அண்ணி ஒரு தடவை கேட்டுவிட்டாள். நாத்தனார் காதுபடவே கேட்டாள்.

முன்னறை வருவதற்கு முன்னால் அது வெறும் கவனக்குறைவு. வந்த பிறகு எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வெளிச்சம் போதாமல் தாளைக் கவிழ்க்க மறந்தாளா, அல்லது

இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நாத்தனார் முடித்திருப்பாள், தண்ணீர் குடித்த அந்த நேரத்துக்குள்.

6

மறுநாள் விடிந்ததும் அண்ணி புது மேட் வெட்டினாள். இந்த முறை ரப்பரையும் கவிழ்த்தாள், தாளையும் கவிழ்த்தாள், இரண்டையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். சுருட்டிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். கொடுக்கத்தான் வெட்டினாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்ன சொல்லிக் கொடுப்பது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. ராத்திரியே சொல்லியிருந்தால் அது வெறும் கைத்தவறு. காலையில் சொன்னால், ராத்திரி முழுக்க ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றது. நாத்தனார் ஒரு காலில் செருப்பை மாட்டியவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, நேத்து ஏன் கலர் கேட்டீங்க?"

7

பதில்கள் என்னிடம் இருக்கின்றன.

(அ) "தப்பா வெட்டிட்டேன்மா. கறுப்பு மேல வந்துடுச்சு. அதுல கை வைக்காத, இதைக் கொண்டுபோய் மாத்திடு." அதற்கு நாத்தனார், "தெரியும் அண்ணி. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதாலேயே நம்பிக்கை வரவில்லை. முன்னறையைக் கட்டிக்கொடுத்த ஆள் தன் மனசாட்சிக்காக எழுதிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

(ஆ) "இந்தா, புதுசு. பழசைத் தூக்கிப் போட்டுடு." நாத்தனார் கேட்பாள், "ஏன்?" கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம்.

(இ) "சும்மா கேட்டேன்."

இந்த மூன்றாவதை நான் யோசிக்கவே இல்லை. அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணி இதைச் சொன்னால் நாத்தனார் "ம்" என்று தலையாட்டிவிட்டு வேனில் ஏறுவாள். புது மேட் கதவுக்குப் பின்னாலேயே நிற்கும். அங்கே போய் வழக்கம்போல இடது கையை ஊன்றிக்கொண்டு சுவிட்சைப் போடுவாள். எல்லா நாளும் எறும்புதான் கடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அண்ணி வாயைத் திறந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் (இ) வந்துவிடும் போலிருக்கிறது. நான் தடுத்தால் அண்ணிக்கு என் மேல்தான் சந்தேகம் வரும், இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டவன் நான்தானே. நீங்கள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கை நீட்டினால் மேட் எட்டும். ஏதாவது சொல்லுங்கள், சீக்கிரம். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.