பழைய திகதிக் கடிதம்

கம்பளை அரசாங்கத் தச்சுப்பட்டறைக்கு இராமகிருஷ்ணன் மேலாளர். கண்டியில் பாடசாலைத் தளபாட டெண்டரைத் திறந்த அன்று அவர் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஆயிரத்து இருநூறு மேசைகள். அந்த வேலை வராவிட்டால் தற்காலிகத் தொழிலாளர் பதினொரு பேரையும் நிறுத்த வேண்டும் என்று கொழும்புத் தலைமையகம் முன்பே எழுதியிருந்தது.

அதிகாரி உறைகளைப் பிரித்து விலைகளை உரக்க வாசித்தார். கலகெதரவில் இருபது பேரை வைத்துப் பட்டறை நடத்தும் ஹாஷிமின் விலைதான் குறைவு. அரசாங்கப் பட்டறையின் விலை அதைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு கூட.

மறுநாள் காலை தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசிய மேலதிகாரி நிதானமாகச் சொன்னார். ஹாஷிமின் விலைக்குக் கீழே ஒரு விலை போட்டு, டெண்டர் திறப்பதற்கு முந்திய பழைய திகதியில் கடிதம் அனுப்ப வேண்டும். கண்டியில் பேசியாகிவிட்டது, கோப்பில் சேர்த்துக்கொள்வார்கள். அரசாங்க வேலை அரசாங்கப் பட்டறைக்கு வருவதில் யாருக்கு நட்டம் என்றும் கேட்டார்.

இராமகிருஷ்ணன் கடிதத்தைத் தட்டச்சு செய்தார். கையெழுத்துத்தான் போடவில்லை. அப்போது பாலிஷ் பகுதிப் பேச்சியம்மா வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம் என்றே பெயர் பதிந்திருப்பவள்.

"வேல நமக்குத்தான்னு பேசிக்கிறாங்க, சேர்."

"இன்னும் முடிவாகல."

"அந்த மொதலாளிக்கு வேற வேல கெடைக்கும். எனக்கு இத விட்டா மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்கத்தான் போகணும்."

 இராமகிருஷ்ணன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கண்டிக்குப் போய் அங்கே பஸ் மாறிக் கலகெதரவில் இறங்கினார்.

ஹாஷிம் மரம் அறுக்கும் வாளை நிறுத்திவிட்டு எழுந்தார். இராமகிருஷ்ணன் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உங்க ஆளுங்க எல்லாருக்கும் ஓய்வுகாலச் சேமலாப நிதி கட்றீங்களா?"

"ஏழு பேருக்குக் கட்றேன். மத்தவங்களுக்கு இல்ல." ஹாஷிம் அவரை நேராகப் பார்த்தார். "நான் ஒண்டு கேக்கவா, சேர்? டெண்டருக்கு நான் வைப்புப் பணம் கட்டினேன். ஒங்களுக்கு அது இல்லயாமே. பட்டறைக்கு வாடகையும் இல்ல."

இரண்டும் உண்மைதான். இராமகிருஷ்ணன் கடிதத்தை எடுத்து நீட்டினார். ஹாஷிம் வாசித்தார், திகதியை மறுபடியும் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"இத அனுப்பப் போறீங்களா?"

"இல்ல. டெண்டர ரத்துப் பண்ணி மறுபடி போடச் சொல்லி எழுதப் போறேன். நீங்க எல்லாருக்கும் நிதி கட்டணும். நாங்க வைப்புப் பணமும் கட்டணும், வாடகையையும் வெலயில சேக்கணும்."

"எனக்குக் கெடச்ச வேல அது, சேர்."

"தெரியும்."

ஹாஷிம் மரத்தூளைக் காலால் தள்ளினார். "ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு எண்டா, எழுதுங்க" என்றார்.

கொழும்பிலிருந்து வந்த தொலைபேசியைப் பற்றியும் இராமகிருஷ்ணன் ஒளிக்காமல் எழுதினார். மறுடெண்டர் கேட்ட அந்தக் கடிதம் டெண்டர் சபையின் எல்லா உறுப்பினர்களுக்கும் போனதால் யாராலும் அதை மூடிவைக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் உறைகளைத் திறந்தார்கள். இருபது பேருக்கும் நிதி கட்டிய ரசீதுகள் ஹாஷிமின் உறைக்குள் இருந்தன. அவர் விலை ஏறியிருந்தது. ஆனாலும் அரசாங்கப் பட்டறையின் விலையைவிட நூற்றுக்கு மூன்று குறைவு. வேலை கலகெதரவுக்குப் போனது.

அந்த மாதக் கடைசியில் பதினொரு பேரையும் நிறுத்தினார்கள். சேவைக் கடிதம் வாங்கப் பேச்சியம்மா கடைசியாக வந்தாள்.

"ஹாஷிம் பாலிஷுக்கு ஆள் தேடுறாரு. சொல்லட்டுமா?" என்று கேட்டார் இராமகிருஷ்ணன்.

"போய் வர நாலு மணிநேரம், சேர். வீட்டுல படுத்த படுக்கையா ஒரு ஆளு இருக்கே." கடிதத்தை வாங்கிக்கொண்டும் அவள் நகரவில்லை. "அன்னைக்கு மேசையில கெடந்த கடிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன், இல்லயா?"

"இருந்திருப்பீங்க."

  சேலைத் தலைப்பால் கடிதத்தைச் சுற்றிக்கொண்டு பட்டறைக்குள் போனவள், பாதி பாலிஷில் நின்றிருந்த ஓர் அலுமாரிக் கதவை முடித்துவிட்டுத்தான் வெளியே போனாள்.