கூட்டம் கெஞ்சிய பாட்டு

லிமெரிக்கில் நான் நடத்தும் கிளப், ஒரு கம்பளக் கடைக்கு அடியில் இருக்கிறது. மூடும் நேரம் வந்து விளக்கைப் போட்டதும், "இன்னும் ஒரு பாட்டு" என்று கூட்டம் கத்தும். டிஜே முடியாது என்பதுபோல் ஹெட்போனைக் கழற்றுவான், பிறகு மனமிரங்குவான். அயர்லாந்து முழுக்க இதுதான் சம்பிரதாயம்.

எங்கள் டிஜே டோனல் ஆறு மாதமாகப் படுக்கையறையில் உட்கார்ந்து டெக்னோ என்கிற இடிதாள நடன இசையில் ஒரு பாட்டு செய்திருந்தான். அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் அதைப் போடுவானாம்.

"நடுவுலயே போட்டுத் தொலையேன்டா," என்றேன்.

"கெஞ்சினாத்தான் அதுக்கு மதிப்பு, ப்ரோனாக்கா."

அன்று மூடும் நேரம் வந்தது, விளக்கைப் போட்டேன். டோனல் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கூட்டமோ வாசலில் கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்க முண்டியடித்தது. எதிரே சுடச்சுட உருளைக்கிழங்கு சிப்ஸ் போடும் கடையை மூடப்போகிறார்கள் என்று எவனோ சொல்லிவிட்டான். கறி சாஸ் ஊற்றிய சிப்ஸுக்கு முன்னால் எந்தக் கலை நிற்கும்?

கூடம் காலியானது. டோனல் ஒரே ஒயரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

வாசலில் நிற்கும் பவுன்சர் மாலக்கி உள்ளே வந்தார். டெக்னோ என்றாலே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஆள். டோனலின் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பஞ்சை எடுக்காமலேயே, பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில், "இன்னும் ஒரு பாட்டு," என்றார்.

டோனல் மைக்கை எடுத்தான்.

"சரி, சரி, தள்ளாதீங்க. இவ்வளவு கெஞ்சுறீங்களேன்னு ஒண்ணே ஒண்ணு போடுறேன்."