பிள்ளையார் சுழி இல்லாத தாள்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. கிழித்துப் போடச் சொல்லி என்னிடம் கொடுக்கப்பட்ட தாள். நான் கிழிக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் பாவம் சிறியது. ஆனால் பிரித்துப் படித்தேன். படித்ததோடு நின்றிருந்தாலும் மன்னிப்பு உண்டு. இப்போது உட்கார்ந்து அதைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே முதலில் ஒரு வேண்டுகோள். நீங்கள் கோரமங்களாவில், ஆறாவது மாடியில், லிஃப்ட் கதவு திறந்ததும் பிள்ளையார் படம் தெரியும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரானால், தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வரலாம்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். படங்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. படம் தெரிந்தால் வருடம் தெரியும், வருடம் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். ஆறாவது மாடி என்பதும் பொய்தான். பிள்ளையார் மட்டும் நிஜம்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாக முயன்றேன்.

முதல் முயற்சி: ‘பெங்களூரின் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை’... வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த மரத்தடியில்தான் நிற்கிறார்கள். எனக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது: ‘கருணை என்பது’... இதுவரை எழுதியதை என் கணவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, “ஆரம்பிச்சுட்டியா?” என்றார். விட்டுவிட்டேன்.

மூன்றாவது வழி, நேராகச் சொல்லிவிடுவது. பிழைப்புக்கு நான் எழுதுவது மென்பொருள் கையேடு. ‘முதலில் இந்தப் பொத்தானை அழுத்தவும்’ என்கிற ரகம். அதில் விதிகளை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஆஸ்கர் விழாவுக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் ஒரு கணிப்புப் போட்டி நடக்கும். நடத்துபவன் அருண்குமார். சிறந்த படம், சிறந்த நடிகை என்று பத்துப் பிரிவுகள் அச்சடித்த ஒரு தாளை எல்லோருக்கும் கொடுப்பான். யார் ஜெயிப்பார்கள் என்று நினைக்கிறோமோ அந்தப் பெயருக்கு நேரே குறியிட்டு, நான்காக மடித்து, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் என்னிடம் கொடுக்க வேண்டும். அதுவரை அவரவர் தாளைத் திரும்ப வாங்கி மாற்றிக்கொள்ளலாம். நான் அவற்றைப் பிள்ளையார் படத்துக்குக் கீழே உள்ள இழுப்பறையில் வைத்துப் பூட்டுவேன். “பாகீரதி மேடம் தினமும் விளக்கேத்தறாங்க, அவங்க பிரிச்சுப் பாக்க மாட்டாங்க” என்பது அருண்குமாரின் நம்பிக்கை.

விழா நம் ஊரில் திங்கள் விடியலில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் எங்கள் முடிவு.

முதலிடம் வந்தவருக்குக் கைதட்டல் மட்டும். பரிசு கடைசி இடத்துக்குத்தான். தங்க நிறம் பூசிய ஒரு பழைய கம்ப்யூட்டர் மவுஸ். அதை வாங்கிக்கொண்டு மேடையேறி, அங்கே ஜெயித்தவர்கள் பேசுவதுபோல, மைக்கில் ஐந்து நிமிடம் நன்றியுரை ஆற்ற வேண்டும். தாளே கொடுக்காதவருக்குப் பூஜ்யம். அவரும் ஏறத்தான் வேண்டும்.

“சும்னே ஒரு ஃபன் மேடம்” என்பான் அருண்குமார். சும்னே என்றால் கன்னடத்தில் சும்மா.

(அந்த மவுஸ் வருடம் முழுவதும் பிள்ளையார் படத்துக்குக் கீழேதான் இருக்கும். அவருக்கு வாகனம் ஆயிற்றே என்று அதற்கும் தினம் ஒரு பூ வைக்கிறேன். இது கதைக்குத் தேவையில்லை. ஆனால் எடுக்க மனமில்லை.)

3

சென்ற வருடம் சிந்து புதிதாகச் சேர்ந்திருந்தாள். ராயக்கோட்டைப் பெண். ஈஜிபுராவில் மூன்று பேரோடு ஒரே அறை. சேர்ந்த முதல் வாரமே ஒரு பெரிய கூட்டத்தில் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். எழுந்தாள். மைக்கைப் பிடித்தாள். பேச்சு வரவில்லை. பெயர்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ கை தட்ட, அறுபது பேரும் தட்டினார்கள். நல்லெண்ணத்தில் தட்டியதுதான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“மேடம், இன்னொரு தடவை மேடை ஏத்தினாங்கன்னா நான் ஊருக்குப் போயிடுவேன். நிஜமா. பாதி பேக் கட்டித்தான் வெச்சிருக்கேன்” என்று என்னிடம் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போட்டிக்கான வெள்ளிக்கிழமை மத்தியானம், கேண்டீனில் அருண்குமார் அவளைக் கேட்டான்.

“சிந்து, எதுக்குப் போட்ட?”

“யாரும் பேசாத படமா பாத்துப் போட்டேன்ணா.”

“ஏம்மா?”

“எல்லாரும் அந்த ரயில் படத்துக்கே போட்டா மத்தவங்க பாவமில்லையா? அவங்களும் கஷ்டப்பட்டுத்தானே எடுத்திருப்பாங்க.”

அருண்குமாருக்குச் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. “அய்யோ தாயே, இது எலெக்‌ஷன் இல்ல! நீ போட்டா அவங்க ஜெயிக்க மாட்டாங்க. நீதான் மேடை ஏறுவ!”

சிந்துவின் முகம் வெளிறிப்போனது. கணிப்புத் தாளை அவள் ஓட்டுச்சீட்டு என்று நினைத்திருக்கிறாள். நான் அவள் பக்கம் சாய்ந்து, “இன்னும் நேரம் இருக்கு, தாளைத் தரேன், மாத்திக்கோ” என்றேன்.

“வேணாம் மேடம். போட்டுட்டு எடுக்கறது நல்லா இல்ல. அவங்களுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே.”

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் மூத்த சகா சுந்தரராமன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

4

சுந்தரராமனை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. அவர் அதிக நல்லவராக வந்துவிடுகிறார். நம்ப மாட்டீர்கள். எனவே குறைகளை முதலில் போடுகிறேன்.

பேனா இரவல் வாங்கினால் திருப்பித் தரமாட்டார். வெளிநாட்டு நடிகர்களின் பெயரை யார் உச்சரித்தாலும் இடைமறித்துத் திருத்துவார். சரியாகச் சொன்னாலும் திருத்துவார். ஜனவரி பிறந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஆஸ்கருக்கு முன்னால் எந்தச் சினிமாச் சங்கம் எந்தப் படத்துக்கு விருது கொடுத்தது என்று எழுதத் தொடங்கிவிடுவார். ஒன்பது வருடம் தொடர்ந்து அவர்தான் முதலிடம். ‘சினிமாப் பைத்தியம்’ என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு என் மேஜைக்கு வந்தார்.

“பாகீரதி, என் தாளைக் கொஞ்சம் குடும்மா. ஒண்ணு தப்பாப் போட்டுட்டேன்.”

கொடுத்தேன். புதுத் தாள் ஒன்றும் வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார். ஒன்றைத் திருத்தப் பத்து நிமிடமா என்று தோன்றியது. திரும்பி வந்து புதியதை மடித்துக் கொடுத்தார். பழையதை நீட்டி, “இதைக் கிழிச்சுப் போட்டுடு” என்றார். என் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிழிக்கத்தான் எடுத்தேன். மடிப்பின் மேலோரத்தில் பிள்ளையார் சுழி தெரிந்தது. பரீட்சைத் தாளில் போடுவதுபோல அழுத்தமாகப் போட்டிருந்தார். சுழி போட்ட தாளை நான் கிழித்ததில்லை. அதுவும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு! இழுப்பறையின் அடியில், பழைய காலண்டருக்குக் கீழே வைத்தேன்.

5

திங்கட்கிழமை. அருண்குமார் மைக்கைப் பிடித்துக் கீழிருந்து மேலாக வாசித்தான். வழக்கமாகக் கடைசி இடத்தைத்தான் முதலில் அறிவிப்பான். சிந்து என் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு மதிப்பெண் என்று பிறகு தெரிந்தது. அனிமேஷன் குறும்படப் பிரிவில் தப்பித்தவறி வந்தது.

“இந்த வருஷம் தங்க மவுஸ்... ஒரு நிமிஷம். இது எப்படி? சுந்தரராமன் சார், பூஜ்யம்!”

கேண்டீன் அதிர்ந்தது. “சார், ஒன்பது வருஷ ராஜ்ஜியம் போச்சே!” என்று யாரோ கத்தினார்கள். அவர் எழுந்து போனார். கையில் ஒரு துண்டுத் தாள். அது ஆடியது. மைக்குக்குள் சரசரவென்று சத்தம் கேட்கும் அளவுக்கு ஆடியது.

“எங்க வீட்டம்மாவுக்கு நன்றி” என்றார். “உங்களுக்குச் சினிமாவே தெரியாதுன்னு முப்பது வருஷமாச் சொல்லிட்டிருந்தாங்க. இன்னிக்கு அவங்க கணிப்புதான் பலிச்சுது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஐந்து நிமிடத்தை இரண்டாகச் சுருக்கிக்கொண்டு இறங்கி, நின்றபடியே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

அன்று மாலைதான் காலண்டருக்குக் கீழே இருந்த தாளைப் பிரித்தேன். பத்துக்கு ஒன்பது சரி.

பூஜ்யம் வாங்குவது லேசல்ல. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட ஒன்றிரண்டு விழும். எது ஜெயிக்கும் என்று தெரிந்தவரால்தான் அதைத் தொடாமல் ஒதுங்க முடியும். இரண்டாவது தாளையும் எடுத்துப் பார்த்தேன். அதன் தலையில் பிள்ளையார் சுழி இல்லை. பொய்க்குத் துணையாக அவரைக் கூப்பிட மனம் வரவில்லை போலும். (அல்லது அவசரத்தில் மறந்திருக்கலாம். எழுதுகிறவள் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். நான் படவில்லை.)

அந்தத் தாள் ஆடிய ஆட்டத்தை நினைத்தபோது இன்னொன்றும் புரிந்தது. சினிமாப் பைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மைக்கிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போக ஆசைப்பட்டவர். மிக அதிக தூரம் முதலிடம்தான். ஒன்பது வருடம் அங்கே ஒளிந்திருந்தார்.

[இங்கே சிறு உதவிகளின் பெருமை பற்றிப் பன்னிரண்டு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்கள் தப்பித்தீர்கள்.]

6

சிந்து ஊருக்குப் போகவில்லை. இப்போது கூட்டங்களில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறாள். அருண்குமாரோடு சண்டையே போடுகிறாள்.

இந்த வருடம் புதிதாக வந்திருப்பவன் ராஜேஷ்குமார். ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறான். போன வாரம் டீ இடைவேளையில் அருண்குமாரிடம் மெதுவாகக் கேட்டான்: “கடைசியா வந்தா கண்டிப்பாப் பேசணுமாண்ணா?”

“கண்டிப்பா! அதான ஃபன்னு!”

ராஜேஷ்குமார் டீயைக் குடிக்காமலே கீழே வைத்தான். பக்கத்தில் சுந்தரராமன் சர்க்கரை போடாத டீயை வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார். சிந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“மேடம், போன வருஷம் சார் கையில தாள் ஆடுச்சு, பாத்தீங்களா?”

“ம்.”

“எனக்குத் தெரியும் மேடம் அந்த ஆட்டம். அவர் எனக்காகத்தானே ஏறினாரு?”

பொய் சொல்வது என் வழக்கமில்லை. ரகசியத்தை உடைப்பதும் வழக்கமில்லை. “டீ ஆறிப்போகுது பாரு” என்றேன்.

“ஆமான்னே சொல்லியிருக்கலாம்” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி அடித்து, இழுப்பறையைப் பூட்டுவதற்கு முன் நான் இரண்டு தாள்களைப் பிரித்தேன். தப்புதான். அருண்குமார் என்னைப் பற்றி நினைத்தது தப்பு என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

சுந்தரராமனின் தாள்: பத்தும் தோற்கப் போகிறவை. சுழி இல்லை.

சிந்துவின் தாள்: பத்தும் தோற்கப் போகிறவை. ஆனால் மேலே பெரிதாக, இரண்டு முறை அழுத்தி, பிள்ளையார் சுழி. தோற்க வைப்பா என்று அவரிடமே கேட்டிருக்கிறாள்.

ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு முன்னால் பார்த்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். விதி விதிதான்.

7

இன்று ஞாயிறு மாலை. நாளை விடியலில் விழா. கதைக்கு ஒரு முடிவு வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: எல்லோரும் சொல்கிற படங்களே ஜெயிக்கின்றன. இருவருக்கும் பூஜ்யம், எனவே இருவரும் மேடையில். சிந்து மைக்கை வாங்கிக்கொள்கிறாள். அவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது: எங்கோ ஒரு பிரிவில் சிந்துவுக்கு மட்டும் ஒன்று விழுந்துவிடுகிறது. போன வருடம் விழுந்த மாதிரி. அவர் தனியாக ஏறுகிறார். தாள் மறுபடி

(இதை முடிக்க விரும்பவில்லை.)

மூன்றாவது: எல்லாம் தலைகீழாகிறது. அங்கே ஓட்டுப் போடுகிறவர்களும் சிந்துவைப் போல, யாரும் பேசாத படங்களைப் பார்த்துப் பாவப்பட்டுவிடுகிறார்கள். இவர்கள் இருவரும் முதலிடத்துக்குப் போய்விடுகிறார்கள். எல்லோரையும் கேட்டுக் கேட்டு நம்பிக்கையோடு குறியிட்ட ராஜேஷ்குமார் கடைசிக்கு வருகிறான். அவன் மேடைக்கு நடக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

யாரும் கண்டுகொள்ளாதவர்கள் ஜெயிக்கட்டும் என்றுதான் வாழ்நாள் முழுவதும் வேண்டியிருக்கிறேன். இன்று கோயிலில் நின்று, ‘அப்பனே, பெரிய படமே ஜெயிக்கட்டும்’ என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மூன்றில் எது என்று நான் சொல்லப் போவதில்லை. தெரியாது என்பதுதான் காரணம். இதோ உங்களுக்கும் ஒரு தாள். ஒரே வரிதான்.

நாளை மேடை ஏறுபவர்: ....................

எழுதி, நான்காக மடித்துக் கொடுங்கள். பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று இனி நான் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, பரவாயில்லை. மேலே பிள்ளையார் சுழி போடுவதா வேண்டாமா என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.