நூற்று மூன்றாம் பக்கத்தில் துளை இல்லை

பிப்ரவரி 17, செவ்வாய். ஒரு தவறு. குதிரை வைத்திய நூலில் பூச்சித் துளை 97ஆம் பக்கத்திலிருந்து 112 வரை என்று நேற்று எழுதிவிட்டேன். இன்று சரிபார்த்தபோது 103–104 தாளில் துளையைக் காணோம். நேற்று இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருப்பேன். இல்லையென்றால் இன்று சரியாகப் பார்க்கவில்லை. இப்போதைக்குப் பென்சிலில் குறித்திருக்கிறேன். அப்பா அரை டம்ளர் பால் குடித்தார்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு அப்பா போய்விட்டார். மூன்று மணிக்கு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டரை ஆகியும் அவரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வழி பிறக்கவில்லை. கூடத்திலிருந்து வாசல்வரை நடையின் இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்குப் புத்தகங்கள். சித்தப்பா பெட்டியைச் சாண் போட்டு அளந்தார். நடையையும் அளந்தார்.

"நாலு விரல் இடிக்குது அண்ணி."

"இருந்தப்பவும் யாருக்கும் வழி விடல," என்றாள் அம்மா. "இப்ப அவரு போறதுக்கே வழி விட மாட்டேங்கிறாரு. தூக்கி எறிங்க எல்லாத்தையும்."

"எறியாதீங்க, எறியாதீங்க!" என்று வாசலிலிருந்து ஓடிவந்தார் பூட்டு மாமா. "வரிசை மாறாம கைக்குக் கை கொடுங்க. நான் உள்ள அடுக்குறேன்."

நூலகத்தின் வாசிப்பறையில் வேலை பார்த்தவர் அவர். தும்முவதற்கு வெளியே போனாலும் அலமாரியைப் பூட்டிவிட்டுத்தான் போவாராம்; அதனால் அப்பா வைத்த பெயர். பதினோரு வருடம் முன்பு வேலை போயிற்று. அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பாவைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்.

மகள் நடுவில் நின்று புத்தகங்களை வாங்கி வாங்கிக் கொடுத்தாள். நூலகப் படிப்புக்காக மாலை வகுப்புக்குப் போகிறவள். அப்பாவின் புத்தகங்களுக்குப் பட்டியல் போடும் வேலை அவள் தலையில் விழுந்து நான்கு மாதமாகிறது. கையில் வரும் ஒவ்வொன்றுக்கும் என்ன எண் கொடுத்தோம் என்று மனம் தானாகத் தேடியது. இன்றைக்குமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பழைய புத்தக வியாபாரி துக்கம் விசாரிக்க வந்தது அந்த நேரத்தில்தான். பெட்டியருகே ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார். பிறகு சித்தப்பாவின் காதோரம் போனார்.

"தப்பா நினைக்காதீங்க. அந்தக் குதிரை எங்க இருக்கு?"

"லாயத்துல," என்றார் சித்தப்பா, நான்கு தடித்த தொகுதிகளை அவர் கையில் திணித்து. "இதப் பிடிங்க முதல்ல."

"அச்சான புத்தகம் இப்ப ரெண்டே ரெண்டுதான் மிச்சம். லைப்ரரில இருக்கிறதுல நூத்தி மூணாம் பக்கத் தாள் இல்ல. எவனோ பிளேடு போட்டுட்டான். முழுசா இருக்கிறது இவரோடது ஒண்ணுதான். வேற யாரும் கைவைக்கிறதுக்குள்ள நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

மகளின் கையிலிருந்த புத்தகம் பாதி வழியில் நின்றது.

"வீட்டுல ஒரு கழுதைகூடக் கிடையாது," என்று அம்மா பொதுவாகச் சொன்னாள். "முப்பது வருஷமா குதிரைக்கு வைத்தியம். தனக்கு மூச்சு வாங்கினப்ப டாக்டர்கிட்ட வாங்கன்னா நாளைக்கு நாளைக்குன்னாரு."

பூட்டு மாமா வியாபாரியைப் பார்க்கவில்லை. அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டியபடி, அவளிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்:

"அந்தத் தாளுக்குத்தான்மா என் வேலை போச்சு. அஞ்சு நிமிஷம் வெளிய போனேன். உங்கப்பா உட்கார்ந்து படிச்சிட்டிருந்தாரேன்னு அன்னிக்கு ஒரு நாள் பூட்டாம போனேன்."

"அப்பா எதுவும் சொல்லலையா மாமா?"

"சொல்லாம என்ன? எனக்காக வந்து எழுதிக் கொடுத்த ஒரே மனுஷன் அவருதான். 'நான் முழு நேரமும் அங்கதான் இருந்தேன், வெளியாள் யாரும் உள்ள வரல'ன்னு. அதையே பிடிச்சிக்கிட்டாங்க. வெளியாள் வரலைன்னா நீதானேன்னு என்மேல போட்டுட்டாங்க. பாவம், அவரு நல்லதுக்குத்தான் எழுதினாரு. கொடும்மா, நிக்காத, வண்டி வந்துடும்."

வண்டி வந்தது. நடை அகன்றது. பெட்டி எங்கும் இடிக்காமல் வெளியே போயிற்று.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி ஆறு. சித்தப்பா கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் சமையலறை மேசையில் குதிரை வைத்தியத்தை விரித்தாள். பூச்சி ஒரு தாளைத் தாண்டிக் குதித்து அடுத்த தாளைத் தின்னாது. துளை விட்டுப்போனால் முதலில் உங்கள் கண்ணைச் சந்தேகப்படுங்கள் என்று வகுப்பில் ஆசிரியை சொல்லியிருந்தார். சந்தேகப்பட அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமுடி ஒன்றைப் பிடுங்கி 101ஆம் பக்கத்துத் துளையில் விட்டாள். தாளைத் தாண்டிய முடி 103இல் முட்டி வளைந்தது. 105இல் அதே இடத்தில் மறுபடி நுழைந்தது. மூன்று முறை செய்து பார்த்தாள். என்றும் தப்பும் தவறுமாக எண்ணுகிற நான் இன்றைக்கும் தவறக் கூடாதா என்றிருந்தது.

தாளின் உள்விளிம்பை விரலால் தடவினாள். நகத்தகலத்துக்கு மெல்லிய காகிதப் பட்டை ஒன்று தட்டுப்பட்டது. பிசிறில்லாமல், பொறுமையாக ஒட்டிய பட்டை. அப்பாவின் கைவேலை.

"இன்னிக்குமா அதக் கட்டிக்கிட்டு அழணும்?" என்றாள் அம்மா.

"இந்தத் தாள்ல துளை இல்லம்மா."

"இல்லன்னா நல்லதுதானே?"

"இருந்திருக்கணும்மா. இது இந்தப் புத்தகத்துத் தாளே இல்ல. லைப்ரரில காணாமப் போச்சே, அது."

அம்மா குழாயை நிறுத்தினாள். மேல் தட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த பூப்போட்ட கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு டம்ளர் தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டாரு அந்த மனுஷன்," என்றாள். "வெள்ளிக்கிழமை அந்தப் பூட்டுக்காரரு வந்தா மட்டும், நான் போடுறேன்னாலும் கேக்காம, தன் கையால டீ போடுவாரு. அதுலதான் கொடுப்பாரு. நானும் என்னமோ சிநேகம்னு நினைச்சேன்."

பிறகு டம்ளரை எடுத்தாள். சுத்தமாக இருந்ததையே மறுபடி கழுவினாள்.

"நாளைக்கு அந்த வியாபாரி வருவானே," என்றாள், டம்ளரைத் துடைத்துக்கொண்டே. "நான் என்ன சொல்றது?"

"புத்தகம் வீட்ல இல்லைன்னு சொல்லு."

மகள் நோட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமைக் குறிப்பில் பென்சிலால் எழுதியிருந்ததன்மேல் பேனாவால் எழுத்துக்கு எழுத்து எழுதினாள். மை காயும்வரை காத்திருந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

பிப்ரவரி 18, புதன். 103–104 தாளில் துளை இல்லை. எண்ணியதில் தவறு இல்லை. நாளை காலை பத்து மணிக்கு நூலகம் திறக்கும். புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது மணிக்கே கிளம்பி, முதலில் பூட்டு மாமா வீட்டுக்குப் போக வேண்டும்.