நாலு நிமிட ரத்தம்

முதல் ரத்தம் எதிரணிக்காரனுடையது. மட்டை உயர்ந்து முகத்தில் பட்டதும் அவன் கையுறையை உதறிவிட்டு மோவாயைப் பிடித்துக்கொண்டு பனித்தரையில் மண்டியிட்டான். விசில் கேட்டது. அற்புதராணி மருந்துப்பையைத் தூக்கிக்கொண்டு, வழுக்காமல் கால்விரல்களை ஊன்றி ஊன்றி நடந்து போனாள். போனதும் செய்த முதல் காரியம், பஞ்சை எடுத்து முகத்தைத் துடைத்ததுதான். காயம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டுமானால் முதலில் ரத்தத்தை ஒற்றியெடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பழகிய கை, கேட்டுக்கொண்டு செய்யாது. அழுத்திப் பிடித்ததில் ரத்தம் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் நடுவர் சறுக்கிக்கொண்டு வந்தார். கறுப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட சட்டை.

“பிளட்?” என்றார்.

அவள் பஞ்சை நீட்டினாள். அதில் சிவப்பாக ஒரு வட்டம். நடுவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நான்கு விரல்களை உயர்த்திக் காட்டியபடி போனார்.

ஐஸ் ஹாக்கியில் அப்படி ஒரு சட்டம். மட்டையைத் தூக்கி இன்னொருவன் முகத்தில் அடித்தவன் இரண்டு நிமிடம் ஓரத்திலுள்ள கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார வேண்டும். அதுவரை அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். ரத்தம் வந்திருந்தால் நான்கு நிமிடம். அடித்தவன் இந்த அரங்கத்தின் சொந்த அணியான அல் ஐன் அணிக்காரன். இரண்டு நிமிடத்தைச் சமாளித்துவிட்டார்கள். மூன்றாவது நிமிடத்தில் துபாய்க்காரர்கள் கோல் போட்டார்கள்.

இடைவேளையில் யேசுதாசன் தடுப்புச் சுவரருகே வந்து நின்றார். அவள் கணவர். இந்தப் பனியை உறைய வைக்கும் பிளான்ட் அவர் பொறுப்பு. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போகிற ஒரே குளச்சல்காரன் நான்தான் என்று போனில் ஊர்க்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

“எதுக்கு பிள்ள அத காட்டின?”

“கேட்டாரு, காட்டினேன். பொய் சொல்லவா?”

“பொய் சொல்லாண்டாம். சத்தம் காட்டாம பைக்குள்ள போட்டிருக்கலாம்லா.”

படிக்கட்டு வரிசைகளில் டீயும் சமோசாவும் விற்கும் ஜாபர் சாதிக், ஃபிளாஸ்கோடு குறுக்கே வந்தார். கீழக்கரைக்காரர். “விடுங்கண்ணே. நம்ம பயலுக்கும் ஒரு மூக்கு உடையாமலா போகும்? அப்பவும் அக்கா பஞ்சக் காட்டும், அவரு நாலு விரலக் காட்டுவாரு. கணக்கு சரியாயிரும்.”

“உமக்கு அடுத்தவன் மூக்கு உடையணும். டீயக் குடும்.”

மூவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதும் யேசுதாசனின் கண் ஸ்கோர் பலகையில் இருந்த எண்களிலேயே இருந்தது.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தால் அல் ஐன் இறுதிப் போட்டிக்குப் போகும். போனால் அரங்கத்தை இன்னும் ஒரு வருடம் நடத்துவதாக முதலாளி சொல்லியிருந்தார். தோற்றால் பிளான்ட்டை நிறுத்திவிட்டுக் குழந்தைகள் குதித்து விளையாடும் இடமாக மாற்றிவிடுவார்கள். அதற்குப் பனி தேவையில்லை. பனி தேவையில்லை என்றால் யேசுதாசனும் தேவையில்லை. ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக்குக்குக் கல்ஃபில் யாரும் புதிதாக விசா அடிப்பதில்லை. அவர் ஊருக்குப் போக வேண்டியதுதான். அவள் இங்கே கிளினிக்கில் இருந்தாக வேண்டும். மகள் ஜெபிஷா நாகர்கோவிலில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவர் ஒரு நாட்டில், அவள் ஒரு நாட்டில். அவள் மஸ்கட்டில், ரூவியில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். லீவு சேர்ந்து அமைந்தால் ஊரில் பார்த்துக்கொள்வார்கள். மூன்று வருடங்களுக்கு முன்புதான் அல் ஐனில் ஒரு கிளினிக்கில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆட்ட நாட்களில் அந்தக் கிளினிக்தான் அவளை இங்கே அனுப்பும். ஒரு வில்லாவின் பின்பக்கத்து ஒற்றை அறையில் இருவரும் குடியேறினார்கள். அவர் குறட்டை விடுவார் என்பதே அங்கே வந்த பிறகுதான் அவளுக்குச் சரியாகத் தெரிந்தது. குளிரில் நின்றுவிட்டு வந்து, ஜில்லிட்ட பாதங்களை அவள் காலில் வைப்பார். சவம், தள்ளிப் படுங்க என்பாள். தள்ளிப் படுத்தால் தூக்கம் வராது.

முன்பெல்லாம் அவளுக்கு இந்த விளையாட்டில் மட்டையால் அடிக்கும் கறுப்பு வில்லை எங்கே போகிறது என்றே தெரியாது. இப்போது ஒவ்வொரு வாரமும் தெரிந்தது. ஒவ்வொரு வாரமும் நடுவரை நினைத்து வயிறு எரிந்தது. போன வாரம் தடுக்கிவிட்டவனை விட்டுவிட்டார்கள். இந்த வாரம் லேசாக உரசியவனை உட்கார வைத்தார்கள். எது குற்றம் என்பது சட்டத்தில் இருக்கவில்லை, அன்றைய விசிலில் இருந்தது.

கடைசிப் பகுதியில் ஆட்டம் இரண்டுக்கு இரண்டாக இருந்தது. அல் ஐன் அணியின் ஹஸ்னைன் வில்லையோடு ஓரமாகப் பாய்ந்தான். அல் ஐனில் பிறந்த பாகிஸ்தான் பையன், இந்தப் பனியிலேயே நடக்கப் பழகியவன் போலச் சறுக்குவான். எதிரே வந்தவனின் மட்டை எழும்பி அவன் புருவத்தில் அடித்தது. அரங்கமே எழுந்து நின்றது. விசில்.

ஹஸ்னைன் நேராக அவளிடம்தான் வந்தான். “சிஸ்டர், ஜல்தி. ஆங்க் மே ஜா ரஹா ஹை.”

புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நொடி அவளுக்குத் தெரிந்தே இருந்தது. துடைக்காமல் விடலாம். நடுவர் வரட்டும், பார்க்கட்டும் என்று அவன் தோளைப் பிடித்து நிறுத்தி வைக்கலாம். ஆனால் கண்ணுக்குள் போகிறதே. முதல் தடவையும் துடைத்துவிட்டுத்தானே காட்டினோம், பஞ்சு இருக்கிறதே என்று நினைத்தாள். ஒற்றினாள். அழுத்திப் பிடித்தாள். எதிரணித் தலைவனோடு வாதாடி முடித்து நடுவர் வரும்போது ரத்தம் சுத்தமாக நின்றிருந்தது.

அவள் பஞ்சை நீட்டினாள். முதலில் நீட்டியதைவிட இதில் சிவப்பு அதிகம்.

நடுவர் பஞ்சைப் பார்க்கவில்லை. ஹஸ்னைனின் புருவத்தைப் பார்த்தார். அது வெளுத்து, ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

“நோ பிளட்,” என்றார்.

“சார், திஸ்... ஹிஸ் பிளட். ஃபர்ஸ்ட் டைம் யூ சா...”

“முகத்தில் நான் பார்க்க வேண்டும், சிஸ்டர். பஞ்சில் அல்ல,” என்றார் ஆங்கிலத்தில். குரலில் கோபமில்லை, ஏளனமுமில்லை. விளக்கம் கேட்டவருக்குச் சொல்லும் குரல். இரண்டு விரல்களை உயர்த்தியபடி போய்விட்டார்.

அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது. மேலே மலையாளத்திலும் உருதுவிலும் தகாலோக்கிலும் கத்தினார்கள். யேசுதாசன் தடுப்புச் சுவரின் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தார். “லேய் வரிக்குதிர! பஞ்சப் பாருல! மொதல்ல எங்க பாத்த, அங்க பாருல!” ஊழியர்கள் கத்தக் கூடாது என்று மேனேஜர் வந்து தோளைப் பிடித்து இழுத்தார். அவர் போகவில்லை.

அந்த இரண்டு நிமிடத்தில் ஹஸ்னைன் கட்டோடு போய் இரண்டு முறை அடித்தான். ஒன்று கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. பிறகு கூண்டுக் கதவு திறந்தது. தண்டனை முடிந்து வெளியே வந்த துபாய்க்காரனின் காலடிக்கே வில்லை உருண்டு வந்தது. அவனுக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை. நான்கு நிமிடம் என்றால் அவன் இன்னும் உள்ளே உட்கார்ந்திருப்பான். வில்லை வலைக்குள் போன சத்தம் அவளுக்குக் கேட்டது. அதன் பிறகு நடந்த எதுவும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் மாலை வெயில் ஒரு பலகைபோல உள்ளே விழுந்து எழுந்தது. நடுவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனார். “தேங்க்யூ, சிஸ்டர்,” என்றார். உண்மையாகவே நன்றி சொன்னார்.

ஜாபர் மீந்த சமோசாக்களை ஒரு பொட்டலமாகக் கட்டி அவள் பக்கத்தில் வைத்தார். “அந்த ஆளுக்கு ரெண்டு கண்ணு. கண்ணுக்கு ஒரு சட்டம்க்கா,” என்றார். வேறு வேடிக்கை எதுவும் அவருக்கு வரவில்லை.

மேனேஜர் யேசுதாசனிடம் வந்தது தூரத்தில் தெரிந்தது. அதிகம் பேசவில்லை. “கலாஸ், எல்லாம் முடிஞ்சது, தாஸ் பாய். மாசக் கடைசியில பிளான்ட்ட நிறுத்திரலாம்.” அவர் தலையாட்டினார். மெஷினில் ஏதோ ஒரு அளவைக் குறைக்கச் சொன்னதுபோல.

அவள் அவரிடம் போனாள். பஞ்சு இன்னும் கையில் இருந்தது. காய்ந்து, ஓரங்களில் பழுப்பாகியிருந்தது.

“நான் தொடைக்காம விட்டிருக்கணும், ஜெபிஷாக்க அப்பா.”

“கண்ணுக்குள்ள ரத்தம் போச்சுல்லா?”

“போச்சு.”

“நீ ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான செய்த?”

“ஆமா.”

“பொறவு?”

 திட்டியிருந்தால் அழுதிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு பனி சீவும் வண்டியில் ஏறினார். யார் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்ததும் பனியைச் சீவி, வெந்நீர் ஊற்றி, மேடு பள்ளம் இல்லாமல் ஆக்க வேண்டும். வண்டி நீள நீளமாகப் போய்த் திரும்பியது. போன இடமெல்லாம் கோடுகள் அழிந்து பளபளத்தன.

அவள் நின்று காயம் கட்டிய இடத்துக்கு வந்ததும் வண்டி நின்றது.

“ராணி. இஞ்ச வா.”

விரல்களை ஊன்றி ஊன்றிப் போனாள். தடுப்புச் சுவரின் ஓரத்தில், நடுவர் வந்து நின்ற அதே இடத்தில், மூன்று சொட்டு ரத்தம் உறைந்திருந்தது. நடுவரின் சறுக்குக்கத்தி கீறிய கோடு ஒன்று அதை ஒட்டிப் போயிருந்தது. அவர் குனிய வேண்டியிருந்திருக்காது. கண்ணைத் தாழ்த்தியிருந்தால் போதும்.

அவளும் தாழ்த்தியிருக்கவில்லை.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காட்டுவதற்கு யாரும் இல்லை. பிளான்ட்டின் உறுமல் சுவர்களுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. யேசுதாசன் மறுபடி ஏறி உட்கார்ந்து ஒரு நெம்புகோலை இழுத்தார். சீவும் கத்தி மேலே எழும்பியது. வண்டி அந்த இடத்தைச் சீவாமல், வெந்நீரை மட்டும் மெல்லியதாகப் பரப்பிக்கொண்டு கடந்து போனது. ஆவி எழுந்து அடங்கியது. தண்ணீர் ஓரங்களிலிருந்து உறைந்துகொண்டு வந்தது. அதற்கு அடியில் மூன்று சொட்டும் முன்னைவிடச் சிவப்பாகத் தெரிந்தன.